கடலூரில் பொதுச் சுகாதாரமும் குடும்ப நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாநகராட்சித் தெருக்களிலும் கடற்கரைக் குப்பங்களிலும் நடக்கும் சுகாதாரக் கூட்டங்களுக்குத் தன்னார்வலனாகச் சென்றுவருகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், செவிலியர்களும் மருத்துவர்களும் அவற்றுக்குச் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் பெண்களிடமிருந்து வந்தவை. முற்பகல் 11 மணிக்கு அங்கன்வாடி வாசலில் கூட்டம் போட்டால் பெண்கள்தான் வருவார்கள். ஆனால் விடைகளில் பாதி அவர்களுடைய கணவர்களும் மாமியார்களும் கேட்டிருக்க வேண்டியவை.

எங்கள் தெரு எந்தச் சுகாதார நிலையத்தின் கீழ் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடலூர் 2021ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. இப்போது 45 வார்டுகள் உள்ளன. நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு தெருவும் ஒரு நகர சுகாதார செவிலியரின் பொறுப்பில் இருக்கும். கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், தடுப்பூசி தவறியவர்கள் ஆகியோரின் பெயர்களெல்லாம் அவருடைய பதிவேட்டில்தான் இருக்க வேண்டும். அந்தச் செவிலியர் யார் என்று அறிய எளிய வழி, உங்கள் தெரு அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்பதுதான். கேட்டதும் அவருடைய கைப்பேசி எண்ணைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அட்டையில் எழுதிவையுங்கள். கைப்பேசியில் மட்டும் பதிந்துவைத்தால், வலி எடுக்கும் நேரத்தில் அந்தக் கைப்பேசி வேறொருவர் சட்டைப் பையில் இருக்கும்.

நகரை ஒட்டிய ஊராட்சிகளில் குடியிருப்பவர்கள் துணை சுகாதார நிலையத்துக்கும், அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்கும் உரியவர்கள். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கும் செல்லலாம். இவை காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போய், விற்று முடித்து மதியம் வீடு திரும்பும் பெண்களுக்கு அந்த மாலை நேரம் பெரிய உதவி.

கர்ப்பம் என்று தெரிந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

12 வாரங்களுக்குள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் 12 இலக்க ஆர்.சி.ஹெச். (தாய் சேய் நலப் பதிவு) எண் கிடைக்கும், பேச்சு வழக்கில் இதைப் 'பிக்மி நம்பர்' என்பார்கள். மகப்பேறு நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவைப்படுவதால், தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் பெற்றே ஆக வேண்டும். 'நாங்கள் பிரைவேட்டில்தான் காட்டுகிறோம், அரசுப் பதிவு எதற்கு' என்று விட்டுவிட்டு, பிரசவத்துக்கு மறுநாள் எண்ணுக்காக அலையும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உறவினர்களிடம் சொல்லாமல் இருக்கலாம். செவிலியரிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது. ரத்த வகை, ரத்தச் சோகை, சர்க்கரை, எச்.ஐ.வி., பால்வினை நோய் ஆகிய பரிசோதனைகளெல்லாம் ஆரம்பத்தில் செய்தால்தான் பலன் தரும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களில் தேவைப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் தாமதமானால் பயனை இழக்கிறது. பிரசவத்துக்கு முன் குறைந்தது நான்கு முறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும், ரண ஜன்னித் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், வலிப்பு, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் நல்ல நேரம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறேன். மீண்டும் பதிய வேண்டுமா?

வேண்டாம். ஒரு கர்ப்பத்துக்கு ஒரே எண்தான். ஆனால் புறப்படுவதற்கு முன் புகுந்த வீட்டுத் தெருவின் செவிலியரிடமும், போய்ச் சேர்ந்தவுடன் பிறந்த ஊரின் செவிலியரிடமும் தகவல் சொல்ல வேண்டும். ஏழாம் மாதம் முதல் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் வரையான காலத்தில்தான் ஆபத்துகள் அதிகம். நம் வழக்கப்படி பெண் இடம் மாறுவதும் சரியாக அப்போதுதான். இரண்டு செவிலியர்களில் ஒவ்வொருவரும் 'அவர் பார்த்துக்கொள்கிறார்' என்று நினைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணை யாருமே பார்ப்பதில்லை. தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன் அறிக்கைகளையும் சீர்வரிசைத் தட்டுகளோடு சேர்த்து எடுத்துவையுங்கள். மாமியார் வீட்டு பீரோவில் பூட்டியிருக்கும் அட்டையைப் பிரசவ அறையில் எந்த மருத்துவராலும் படிக்க முடியாது.

தாய் வீடு புதுச்சேரிப் பக்கம், பாகூரிலோ வில்லியனூரிலோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 20 கிலோமீட்டர் தூரம்தான் என்றாலும் அது வேறு நிர்வாகம். தமிழ்நாட்டுத் திட்டங்களின் உதவி தொடர வேண்டுமானால், எந்தெந்தப் பரிசோதனையை எங்கே செய்ய வேண்டும் என்பதைக் கடலூரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

மகப்பேறு உதவித்தொகை எவ்வளவு? ஏன் சிலருக்கு வருவதில்லை?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கீழ் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. இதில் 14,000 ரூபாய் தவணை முறையில் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் பொருளாகத் தரப்படும். தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே இந்த உதவி உண்டு. தவணைகள் ஒவ்வொன்றும் பதிவு, பரிசோதனை, அரசு மருத்துவமனைப் பிரசவம், குழந்தையின் தடுப்பூசி ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டுள்ளன.

பணம் வராமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து. நீண்ட நாள் பயன்படுத்தாததால் முடங்கிய கணக்கு. கணவருடைய கணக்கு எண்ணைக் கொடுத்தது. பெண்ணின் பெயரிலேயே, ஆதாரோடு இணைந்த, இயங்கும் கணக்கு வேண்டும். கர்ப்பம் உறுதியான அதே வாரத்தில் வங்கி வேலையை முடித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பெட்டகத்தில் வரும் சத்துமாவும் பேரீச்சம்பழமும் கர்ப்பிணிக்குத் தரப்படுபவை. அவற்றை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு 'டப்பா தீர்ந்துவிட்டது' என்று சொல்லும் அம்மாக்களைச் செவிலியர்கள் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை வாந்தி வரவழைக்கிறது. நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம்; நேரத்தை மாற்றிப் பாருங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தச் சோகை இருந்தது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சோகை. 7க்குக் கீழே போனால் பிரசவ நேர ரத்தப்போக்கைத் தாங்குவது கடினம்.

இரவு உணவுக்குப் பிறகு படுக்கப் போகும்போது விழுங்கினால் குமட்டல் குறையும். டீ, காபியோடு சேர்த்து எடுத்தால் சத்து உடலில் சேராது. இரண்டுக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதனுடன் ஒரே நேரத்தில் போடக்கூடாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவை இரும்பை உடல் ஏற்க உதவும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மாத்திரையைச் சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கர்ப்ப காலத்தில் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்களும் எடுக்க வேண்டும். இரண்டாவது 180ஐத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கலாமா? கழுதைப்பால் கொடுக்கலாமா?

கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். மஞ்சள் நிறத்தில் கெட்டியாக வரும் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சி ஊற்றிவிடும் பழக்கம் குறைந்திருக்கிறதே தவிர மறையவில்லை. நோய்களைத் தடுக்கும் பொருள்கள் அந்தச் சில துளிகளில்தான் செறிந்திருக்கின்றன. ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. சித்திரை வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள நீரே போதும்.

சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ வீட்டுப் பெரியவர் விரலால் தொட்டு நாவில் வைப்பது அன்பினால் செய்யும் சடங்கு. அந்த அன்பை யாரும் குறை சொல்லவில்லை. கிருமி விரலிலும் இருக்கலாம், தேனிலும் இருக்கலாம். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வந்து சங்களவு பாலுக்குக் காசு வாங்குபவரிடம் வாங்கும் பச்சைப் பாலும் அப்படித்தான். உரை மருந்து, வசம்பு, மாந்தத்துக்கு எண்ணெய் ஊற்றுவது ஆகியவை முதல் ஆறு மாதங்களில் மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கிய நிகழ்வுகளைக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தயங்கும் இளம் தாய்மார்களுக்காகவே செவிலியர் வீடு தேடி வருகிறார். இதைச் சொல்லும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடலாம்.

குழந்தைக்கு எந்தெந்தத் தடுப்பூசிகள், எப்போது?

பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட் ஊசியும், போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளும். 6, 14ஆம் வாரங்களில் நியூமோகாக்கல், போலியோ ஊசிகள் கூடுதலாகச் சேரும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும், மற்றவற்றின் ஊக்குவிப்புத் தவணைகளும். 5 வயதில் ஒன்று, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வரும்போது பிள்ளைக்கு விடுப்பு எடுத்துக்கொடுக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. வயல்வெளியும் நீர்த்தேக்கமும் மிகுந்த கடலூர், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. அதனால் 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் அதற்கான தடுப்பூசியும் தரப்படுகிறது. வேறு மாவட்டத்தில் குழந்தை பெற்று இங்கே குடிவந்தவர்களின் அட்டையில் இந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடும். செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்.

தடுப்பூசி முகாம்கள் பொதுவாகப் புதன்கிழமைகளில் நடக்கும். எல்லாம் இலவசம். சிப்காட் பகுதியில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் போடப்படும். ரேஷன் அட்டை இல்லை, ஆதார் இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக்கூடாது.

ஒரு தவணை தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும், போட்ட இடத்தில் சிறு வீக்கமும் வரலாம். அந்த இடத்தைத் தேய்க்கவோ காபித்தூள் அப்பவோ வேண்டாம். காய்ச்சல் மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று ஊசி போட்ட செவிலியரே சொல்வார். அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

பால் கொடுக்கும் காலத்தில் மீண்டும் கருத்தரிக்காது என்கிறார்களே?

அது பாதி உண்மை. மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே இருந்தால்தான் அது ஓரளவு காக்கும்: குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். முதல் மாதவிடாய்க்கு முன்பே சினைமுட்டை வெளிவருவதால், 'தீட்டே வரவில்லை, ஆனால் நான்கு மாதம்' என்று வருபவர்களைச் செவிலியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

கருத்தடைக்கு ஆபரேஷன் தவிர வேறு வழிகள் என்னென்ன உள்ளன?

காப்பர்-டி, ஊசி, மாத்திரை, ஆணுறை ஆகிய அனைத்தும் அரசு நிலையங்களில் இலவசம்.

பாட்டிமார்கள் இன்றும் 'லூப்' என்று அழைக்கும் காப்பர்-டியில் 10 ஆண்டுகள் வேலை செய்யும் வகையும் உண்டு, 5 ஆண்டு வகையும் உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். அது மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விடும் என்ற பயம் வேண்டாம். கருப்பை மேல்புறம் மூடிய பை போன்றது. அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. முதல் சில மாதங்களில் மாதவிடாய் மிகுதியாகவும் வலியோடும் வரலாம், எனவே ரத்தச் சோகை உள்ளவர்கள் மருத்துவரிடம் கலந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். 'பொருத்திவிட்டோம், இத்தனை ஆண்டு எடுக்க முடியாது' என்று யார் சொன்னாலும் அது தவறு.

'அந்தரா' என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. மாதவிடாய் ஒழுங்கற்றுப் போவதும் நின்றுபோவதும் இதில் உண்டு. ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் ஆகலாம், ஆகவே சீக்கிரமே அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. 'சாயா' ஹார்மோன் இல்லாத மாத்திரை: முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். இவற்றில் எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. ஆணுறை மட்டுமே தடுக்கும்.

ஆண்களுக்கான ஆபரேஷன் செய்துகொண்டால் உடல் பலம் குறையுமா?

குறையாது. இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் எந்த ஆணும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அருகில் வந்து, 'ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்' என்று தொடங்குவார்கள். அந்த நண்பருக்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தழும்பில்லாத ஆண் கருத்தடை முறையில், மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு சிறு துளையின் வழியே விந்தணு செல்லும் குழாய்கள் மட்டும் அடைக்கப்படுகின்றன. 10 முதல் 15 நிமிட வேலை, தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். ஆண்மை, தாம்பத்தியம், மீசை, குரல், உழைக்கும் வலு எதுவும் மாறாது. ஹார்மோன் நேராக ரத்தத்தில்தான் கலக்கிறது, அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. இரண்டு நாள் ஓய்வும், ஒரு வாரம் பளு தூக்காமலும் சைக்கிள் மிதிக்காமலும் இருப்பதும் போதும். ஆனால் ஏற்கெனவே குழாயில் உள்ள அணுக்கள் வெளியேற மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு வழியோ கட்டாயம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்பே விட வேண்டும். இதைக் கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு மனைவி மீது சந்தேகப்பட்ட கொடுமையும் நடந்திருக்கிறது.

பெண்களுக்கான ஆபரேஷன் வயிற்றைத் திறந்து செய்வது, எனவே ஒப்பிட்டால் ஆண்களுக்கானதே எளிது, ஆபத்தும் குறைவு. ஆயினும் மேலே சொன்ன அதே ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். ஆண்களின் ஆபரேஷனை நம்பியிருந்த தம்பதியர் 0.1 விழுக்காடு. நம் ஊரில் 'குடும்ப நலம்' என்ற சொல்லில் குடும்பம் என்பது யாரைக் குறிக்கிறது என்று இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களின் ஆபரேஷனுக்கென இருவார விழா நடத்துகிறார்கள். கடலூருக்கு அது மழைக்காலம். என்னைக் கேட்டால், விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலமே துறைமுகத்துக்காரர்களுக்குப் பொருத்தமான நேரம். ஓய்வு எடுப்பதற்காக ஒரு நாள் கூலியும் போகாது.

ஆபரேஷனுக்கோ கருக்கலைப்புக்கோ கணவர் கையெழுத்து கட்டாயமா?

சட்டப்படி இல்லை. மணமான, 22 முதல் 49 வயதுக்குட்பட்ட, ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றாவது உள்ள பெண், தன் சம்மதத்தின் பேரிலேயே ஆபரேஷன் செய்துகொள்ளலாம். சில இடங்களில் இன்றும் கேட்கிறார்கள். அது பழைய பழக்கம்.

கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதிக்கப்பட்டது. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை, வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமியர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. அவரைப் பற்றிய விவரங்களை வெளியிடுவது குற்றம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே விழுங்குவதுதான் மிகவும் ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால், அந்த மாத்திரை வேலை செய்யாமல் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும்.

ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன தவறு?

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தைவிட நமக்கு உறைக்க வேண்டியது வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு மாநில அளவில் 943 பெண் குழந்தைகள் இருந்தபோது, கடலூர் மாவட்டத்தில் 896 பேரே இருந்தார்கள். சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் கடலூருக்கும் நீட்டிக்கப்பட்டதும், 2015இல் தொடங்கிய பெண் குழந்தைகளைக் காக்கும் மத்தியத் திட்டத்தின் முதல் 100 மாவட்டங்களில் கடலூர் சேர்க்கப்பட்டதும் இதனால்தான்.

கொசுப்புகை அடிக்கச் சொன்னால் வந்து டிரம்மைக் கவிழ்க்கிறார்களே?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. கடிப்பதும் பகலில். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழு அப்படியே இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து, ஓரத்தை நாரினால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது. ஆட்டுக்கல் குழி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, படகில் கட்டிய பழைய டயர், மூடியில்லாத ஐஸ் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

2015இலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோதும் பட்ட அனுபவம் கடலூருக்குப் புதிதல்ல. தொட்டியைக் கழுவி, மாநகராட்சிப் பணியாளரிடம் பிளீச்சிங் பவுடர் கேட்டு வாங்கிக் குளோரின் கலந்த பின்பே புழங்க வேண்டும். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். சிறு டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அளவு தப்பிக் குழந்தைக்குத் தீங்காகும்; துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும். காலில் வெடிப்போடு தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

காசநோய், எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போனால் தெருவுக்குத் தெரிந்துவிடாதா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மருந்து இலவசம், பெரும்பாலும் ஆறு மாதம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் தருகிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வார்கள். கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தாலும், உரிய மருந்தை ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் குழந்தையைக் காத்துவிடலாம்.

வீட்டில் உள்ள முதியவரைச் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் அழைத்துச் செல்ல வேண்டுமா?

வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. சுகாதார நிலையத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரசவமான பெண் காரணமில்லாமல் அழுகிறாள். திருஷ்டியா?

பிரசவத்துக்குப் பின் சில நாட்கள் மனம் கலங்குவது பொதுவானது. இரண்டு வாரத்தைத் தாண்டியும் தூக்கமின்மை, குழந்தையின் மீது ஒட்டுதலின்மை, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை இருந்தால் அது நோய், சிகிச்சையால் சரியாகும். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. திருஷ்டி கழிக்க விரும்பினால் கழித்துக்கொள்ளுங்கள், அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழைக் கடலூரில் வாங்கலாமா?

முடியாது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஜிப்மர் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் இருப்பதால், அங்கே பிறந்த குழந்தையின் சான்றிதழ் அந்த நகராட்சியிலிருந்தே வரும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பிறந்தால் இங்கே. அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்தால் அந்தப் பகுதியின் பதிவாளரிடம். 21 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். மருத்துவமனையே அனுப்பிவிடும் என்றாலும், வீடு திரும்பும் முன் பெற்றோர் பெயர், முதலெழுத்து, முகவரி ஆகியவற்றை அவர்கள் எழுதிய படிவத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை இந்தச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரம். எனவே பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வரை காத்திராமல் உடனே திருத்தக் கொடுங்கள். அவ்வளவு தூரம் போகும்போது தாய் சேய் நல அட்டையின் நகலும் தாயின் ஆதார் நகலும் கையில் இருந்தால் இரண்டாவது முறை பேருந்து ஏற வேண்டியிருக்காது.